கண்ணாடியைக் கழற்றும் முன் ஒரு கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மூன்று வாரங்களுக்கு முன் உங்கள் ஞாயிறு இதழில் முழுப் பக்க விளம்பரம் ஒன்று வந்திருந்தது. ஒரு பெண் மூக்குக்கண்ணாடியை இரண்டாக உடைத்துப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். லேசர் மூலம் பத்தே நிமிடத்தில் கண்ணாடிக்கு விடை கொடுக்கலாம், மாத முடிவுக்குள் பதிவு செய்தால் இரண்டாவது கண்ணுக்கு அரைக் கட்டணம் என்று போட்டிருந்தது. இரண்டாவது கண்ணுக்கு அரைக் கட்டணமாம்! ஒரு கால் சப்பாத்தை முழுவிலைக்கும் மற்றதை அரைவிலைக்கும் விற்ற சப்பாத்துக் கடையை நான் இன்னும் பார்க்கவில்லை.

எங்கள் பாடசாலை ஆசிரியர் அறையில் அந்தப் பக்கம் கைமாறிக் கைமாறிக் கசங்கியே போயிற்று. இருபது வருடத்துக்கு மேல் கண்ணாடியோடு திரிந்த நான் ஒரு வருடமாக வெறுங்கண்ணோடு வருவதால் எல்லோரும் என்னைத்தான் பிடித்துக்கொண்டார்கள். எவ்வளவு முடிந்தது, வலித்ததா, எத்தனை நாள் லீவு, என்ன மெஷின்? எல்லாம் கேட்டார்கள். டொக்டரை எப்படித் தேடிப் பிடித்தீர்கள் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. எனக்கோ அதற்குத்தான் ஒரு வருடம் போனது. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி வாய் வலிக்கிறது. சரி, பத்திரிகைக்கே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

நான் பொகவந்தலாவைப் பக்கத்தில் ஒரு தோட்டப் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். வயது 33. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கும் காலத்திலேயே கரும்பலகை மங்கத் தொடங்கிவிட்டது. சேர் முன் வாங்கில் உட்கார வைத்தார். அதற்கும் தெரியாமல் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்து எழுதி, கொப்பியடிக்கிறாள் என்று அடியும் வாங்கினேன். அதற்கு அடுத்த சம்பளத்தன்றுதான் அம்மா ஹட்டனுக்குக் கூட்டிப்போய் முதல் கண்ணாடி வாங்கித் தந்தாள். பல்கலைக்கழகம் போகும்போது மைனஸ் ஐந்து. வலது கண் மைனஸ் ஆறு, இடது கண் மைனஸ் ஐந்தரை என்று அது ஒருவழியாக நிற்கும்போது எனக்கு 26 வயது.

மழையிலும் பனியிலும் கண்ணாடி போட்டு மலை ஏறுகிறவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. குடையைப் பிடித்தாலும் சாரல் பக்கவாட்டில் வரும். நனைந்து போய் பஸ்ஸில் ஏறினால் உள்ளே இருக்கும் மூச்சுச் சூட்டில் கண்ணாடி வெள்ளையாகிவிடும், இருக்கை எது, மனிதர் எது என்று தடவிப் பார்க்க வேண்டும். "வைப்பர் இல்லாத லொறி" என்று தம்பி என்னைக் கேலி செய்வான். அவன் லொறிக்காரன், அவனுக்கு எல்லாமே லொறிதான்.

அவன் கதையை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டில் முதலில் லேசர் செய்தது அவன்தான். அப்போது அவனுக்கு 20 வயது. லொறியில் உதவிக்கு ஏறிக்கொண்டிருந்தான், கனரக வாகன லைசன்ஸ் எடுக்க வேண்டும், அதற்கு முன் கண்ணாடி போக வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கொழும்பில் ஒரு தனியார் இடத்தில் விலைக்கழிவு கொடுக்கிறார்கள் என்று கூட்டாளி ஒருவன் சொல்ல, சீட்டுக் காசை எடுத்துக்கொண்டு போனான். காலையில் அளந்தார்கள், பின்னேரம் செய்தார்கள். கத்தி பிடித்த டொக்டரை அவன் முதன்முதலில் பார்த்தது ஒப்பரேஷன் கட்டிலில் மல்லாந்து படுத்த பிறகுதான். அதுவும் மாஸ்க்குக்கு மேலே தெரிந்த கண்ணை மட்டும். மறுநாள் சோதித்தவர் வேறு ஒரு டொக்டர்.

ஆறு மாதத்துக்கு முன்தான் அவனுடைய கண்ணாடியின் பவர் கூடியிருந்தது. பழைய கண்ணாடிச் சீட்டுகளைக் காட்டு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. குறைந்தது ஒரு வருடமாவது பவர் அரைப் புள்ளிக்கு (0.50) மேல் மாறாமல் நின்றிருக்க வேண்டும் என்பது இந்தச் சிகிச்சையின் அரிச்சுவடி. 20 வயதுப் பையன்கள் பலருக்கு அது இன்னும் ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு வருடத்தில் இவனுக்கு மைனஸ் ஒன்றேகால் திரும்பி வந்தது. கண் உலர்ந்து உறுத்துகிறது. இரவில் எதிரே வரும் வாகனத்தின் விளக்கைச் சுற்றி ஒரு வட்டம். இப்போது அவன் நுவரெலியாவிலிருந்து மரக்கறி ஏற்றிக்கொண்டு தம்புள்ளைக்குப் போகிறான், இரவு ஓட்டம்தான். பனியில் ரம்பொடை வளைவுகளில் ஒரு பஸ் எதிரே வந்தால் பஸ் தெரியாது அக்கா, இரண்டு வெள்ளைக் கோழிமுட்டைதான் தெரியும் என்கிறான்.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். கண் உலர்வதும் விளக்கைச் சுற்றி வட்டம் தெரிவதும் கைதேர்ந்த டொக்டர் செய்தாலும் வரக்கூடியவைதான். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் குறைந்துவிடும், சிலருக்கு நிற்கும். வந்துவிட்டதே என்பது என் புகார் அல்ல. இரவில் லொறி ஓட்டப் போகிறவன் என்று தெரிந்துகொள்ள ஒருவரும் "தம்பி, என்ன வேலை?" என்று கேட்கவில்லை. அவன் கையெழுத்து வைத்த தாள் ஆங்கிலத்தில் இருந்தது. திரும்பப் போய்க் கேட்டபோது அந்த டொக்டர் இப்போது இங்கே வருவதில்லை என்றார்கள். ஒப்பரேஷனுக்கு முன் எடுத்த அளவுகளையாவது தாருங்கள் என்றால், பழைய கம்பியூட்டரில் இருந்தது, கிடைக்காது என்றார்கள்.

இவ்வளவும் தெரிந்த நானே விளம்பரத்தைப் பார்த்துத்தான் முதலில் போனேன் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அது வேறு இடம். குளிரூட்டிய அறை, நல்ல தேநீர் (எங்கள் பக்கத்துத் தேயிலையாகத்தான் இருக்கும்), தமிழ் பேசும் ஒரு பிள்ளை. தன்னை ஆலோசகர் என்றாள். மெஷினில் நாடியை வைக்கச் சொன்னார்கள், பச்சை வெளிச்சம், சிவப்பு வெளிச்சம், இருபது நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. "மிஸ், நீங்க நல்ல பொருத்தம்" என்றாள் அந்தப் பிள்ளை. டொக்டரைப் பார்க்கலாமா என்றேன். ஒப்பரேஷன் அன்று பார்ப்பீர்கள் என்றாள். சனிக்கிழமைக்குள் முற்பணம் கட்டினால் கழிவு. கட்டியிருப்பேன். சம்பளத்துக்கு இன்னும் நாலு நாள் இருந்தது, அதுதான் என் கண்ணைக் காப்பாற்றியது. வெளியே வரும்போது அளவுத் தாளின் பிரதி ஒன்றை மட்டும் விடாப்பிடியாகக் கேட்டு வாங்கிக்கொண்டேன். தம்பியின் கதையில் நான் படித்த ஒரே பாடம் அது.

அப்புறம் நடந்ததுதான் இந்தக் கடிதத்தின் விஷயம்.

அந்த வருடம் அம்மாவுக்குக் கண்டியில் அரசாங்க வைத்தியசாலையில் கண்புரை எடுத்தார்கள். ஒரு சதம் செலவில்லை. கிளினிக்குக்குக் கூட்டிப்போன ஒரு நாள், கூட்டம் குறைந்த நேரம் பார்த்து, அம்மாவைப் பார்த்த டொக்டரிடம் கேட்டேன்: "சேர், நீங்கள் லேசர் செய்வதில்லை என்று தெரியும். உங்கள் சொந்தத் தங்கச்சி கேட்டால் யாரிடம் அனுப்புவீர்கள்?" அவர் சிரித்துவிட்டு, சீட்டின் பின்பக்கத்தில் இரண்டு பெயர் எழுதித் தந்தார். நான் செய்த ஒரே புத்திசாலித்தனமான காரியம் இதுதான் என்று இன்றும் நினைக்கிறேன். லேசரால் ஒரு சதம் வருமானம் இல்லாத ஒரு கண் வைத்திய நிபுணருக்கு யாருடைய நோயாளிகள் திரும்பிச் சீர்கெட்டு வருகிறார்கள், யாருடையவர்கள் வருவதில்லை என்று தெரியும். விளம்பரத்தில் அது வராது.

இந்த இடத்தில் ஒரு சின்னக் குழப்பத்தையும் தீர்த்துவிட வேண்டும். எங்கள் டவுன்களில் கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பவரையும் "கண் டொக்டர்" என்றுதான் சொல்கிறோம். அவர் வேலை வேறு, மதிக்க வேண்டிய வேலைதான். ஆனால் கண்ணில் கை வைக்கப் போகிறவர் எம்.பி.பி.எஸ். முடித்து, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தில் கண் மருத்துவத்தில் எம்.டி. செய்து, பயிற்சியையும் முடித்த நிபுணரா, அல்லது அதற்குச் சமமான படிப்பை வெளிநாட்டில் முடித்தவரா என்று கேட்பது மரியாதைக் குறைவு ஆகாது. இலங்கை மருத்துவ சபையில் பதிவு இருக்கிறதா என்று இணையத்திலேயே பார்க்கலாம். நான் இரண்டு பெயரையும் பார்த்தேன். அதற்கு மேல் பட்டம் எதையும் சொல்லாது. கண் நிபுணர் எல்லோரும் லேசர் செய்பவர்கள் இல்லை, செய்பவர்களிலும் தினமும் செய்பவர் வேறு, எப்போதாவது செய்பவர் வேறு.

முதல் பெயரைக் கொழும்பில் செனல் பண்ணி நேரம் எடுத்தேன். விடிய நாலு மணிக்குக் கிளம்பி, நோர்வூட், டிக்கோயா என்று இறங்கி, ஹட்டனில் பஸ் மாறி, கினிகத்தேனை வளைவுகளில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கொழும்பு போய்ச் சேர மத்தியானம். உள்ளே போனேன். டொக்டர் சிங்களவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். முதல் கேள்வியே, "கொன்டாக்ட் லென்ஸ் போடுறதா?" ஆமாம் சேர், விசேஷங்களுக்குப் போடுவேன் என்றேன். "கடைசியா எப்ப?" இன்று காலை என்றேன். ஃபைலை மூடிவிட்டார். இரண்டு வாரம் லென்ஸ் போடாமல் வாருங்கள், இன்று அளந்தால் அளவு பொய் சொல்லும் என்றார். அவ்வளவுதான். ஐந்து நிமிடம்.

எனக்கு வந்த ஆத்திரம்! போக வர ஒரு முழு நாள், லீவு ஒன்று, செனலிங் காசு. செனல் பண்ணும்போதே அதைச் சொல்லியிருக்கலாமே என்று வாசலில் இருந்த நேர்ஸிடம் சத்தம் போட்டேன், அந்தக் கோபத்தில் இன்றும் நியாயம் இருப்பதாகவே நினைக்கிறேன். ஆனால் அவிசாவளை தாண்டும்போது வேறொரு நினைப்பு வந்தது. முதல் இடத்திலும் நான் லென்ஸைப் போட்டுக்கொண்டுதான் போனேன். வாசலில் கழற்றி டப்பியில் வைத்தேன், அந்தப் பிள்ளை பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். லென்ஸ் கண்ணின் மேல் படலத்தை அழுத்தி அதன் வடிவத்தையே கொஞ்சம் மாற்றி வைத்திருக்கும். மென்லென்ஸ் என்றால் இரண்டு வாரமாவது, கடினமான லென்ஸ் என்றால் அதைவிடக் கூடுதல் காலம் கழற்றி வைத்த பிறகுதான் உண்மை வடிவம் தெரியும். அந்த இருபது நிமிட அளவு முழுவதும் மாவு அப்பிய தராசில் நிறுத்த மாதிரி.

இரண்டாவது முறை போனபோது அரை நாள் அங்கேயே இருந்தேன். கண்ணில் தாள் வைத்துக் கண்ணீர் அளந்தார்கள், விளக்கை அணைத்துக் கண்மணியின் அகலம் பார்த்தார்கள், மருந்து விட்டு விழித்திரை பார்த்தார்கள். மைனஸ் கூடியவர்களுக்கு விழித்திரை மெலிந்து கிழியும் ஆபத்து உண்டு, லேசர் செய்தாலும் அது அப்படியே இருக்கும் என்பதை அன்றுதான் கேள்விப்பட்டேன். கடைசியில் டொக்டர் மெஷினில் எடுத்த என் கண்களின் வண்ணப் படங்களை மேசையில் பரப்பிக்கொண்டு, கைமுட்டியைக் கண்ணில் வைத்துத் தேய்த்துக் காட்டி, "இப்படிப் பழக்கம் இருக்கா?" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து கசக்குகிறேன் சேர், சோக்குத் தூசு, குளிர், எல்லாவற்றுக்கும் கண் கடிக்கும் என்றேன். அவர் சிரிக்கவில்லை. வீட்டில் யாருக்காவது கண் படலம் மாற்றினார்களா என்று அடுத்துக் கேட்டார்.

என் இடது கண் படத்தில் கீழ்ப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சிவந்திருந்தது. அங்கே படலம் சற்று எழும்பியிருக்கிறது என்று பொருள். சிலருக்கு விழிவெண்படலம் (கண்மணிக்கு முன்னால் இருக்கும் அந்தத் தெளிந்த படலம்) மெலிந்து கூம்பு மாதிரித் தள்ளிக்கொண்டு வரும் நோய் உண்டு. இளவயதில் தொடங்கும், கண்ணைக் கசக்குவது அதைக் கூட்டும், தொடக்கத்தில் நோயாளிக்கு ஒன்றுமே தெரியாது. அப்படிப்பட்ட கண்ணில் லேசர் வைத்து இன்னும் மெலிய வைத்தால் பார்வை குலைந்துவிடும், பிறகு கண்ணாடி போட்டும் சரிவராது. "நோய் என்று இன்றைக்குச் சொல்லமாட்டேன், இல்லை என்றும் சொல்லமாட்டேன். ஆறு மாதம் லென்ஸ் வேண்டாம், கசக்க வேண்டாம். பிறகு பார்ப்போம்" என்று, கடிக்கு ஒரு சொட்டு மருந்து எழுதித் தந்து அனுப்பினார். செனலிங் காசையும் சோதனைக் காசையும் தவிர அவருக்கு அன்று ஒன்றும் கிடைக்கவில்லை.

கணக்கு டீச்சர் சும்மா இருப்பாளா? அந்த ஆறு மாதத்தில் இரண்டு அளவுத் தாளையும் வைத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். இதைக் கொஞ்சம் பொறுமையாக வாசியுங்கள், சாதாரண தரக் கணிதம்தான்.

விழிவெண்படலம் சராசரியாக 540 மைக்ரோன் தடிப்பு, அதாவது அரை மில்லிமீற்றரைவிடச் சற்றுக் கூட. என்னுடையது 492. லாசிக் முறையில் முதலில் மேலே ஒரு மெல்லிய மூடியைச் சீவித் திறப்பார்கள், பிறகு உள்ளே லேசரால் செதுக்குவார்கள், பிறகு மூடியை மூடிவிடுவார்கள். செதுக்கும் ஆழத்துக்கு ஒரு சூத்திரம் உண்டு: பவரை, செதுக்கும் வட்டத்தின் விட்டத்தின் வர்க்கத்தால் பெருக்கி மூன்றால் வகுக்க வேண்டும். எனக்கு 6 × 6.5 × 6.5 ÷ 3, ஏறக்குறைய 85 மைக்ரோன். மெஷின் இதைவிடக் கொஞ்சம் கூடவே எடுக்கும் என்று வையுங்கள். முதல் இடத்தில் கத்தியால் மூடி சீவுவார்கள், 130 மைக்ரோன். 492இல் 130ஐயும் 85ஐயும் கழித்தால் மிச்சம் 277. மிச்சம் 250க்குக் குறையக் கூடாது என்பது பழைய விதி. ஆகவே நான் "நல்ல பொருத்தம்"! ஆனால் டொக்டர்கள் பலர் இப்போது வேறொன்றையும் பார்க்கிறார்கள், மூடியும் செதுக்கலும் சேர்ந்து மொத்தத் தடிப்பில் 40 சதவீதத்தைத் தொடக்கூடாது. 215ஐ 492ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 44 சதவீதம். ஒரு விதியில் பாஸ், மற்றதில் பெயில். லேசராலேயே 110 மைக்ரோனுக்கு மூடி வெட்டினால் 39.6. அதற்குப் பெயர் பாஸா? என் மாணவன் ஒருவன் இந்தப் புள்ளி எடுத்தால் அவன் அம்மாவை வரச்சொல்லி ஆள் அனுப்புவேன்.

ஆறு மாதம் கழித்து அந்தத் தாளைக் கொண்டு போய் டொக்டரிடம் நீட்டினேன். திட்டுவார் என்று நினைத்தேன். கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு (ஆமாம், லேசர் செய்கிற டொக்டரே கண்ணாடி போட்டிருந்தார், அந்தக் கதைக்குப் பின்னால் வருகிறேன்) வரிவரியாகப் பார்த்தார். "கணக்குச் சரி. அதனால்தான் உங்களுக்கு மூடி வேண்டாம் என்கிறேன்" என்றார். படத்தில் அந்தக் கீழ்ப்பக்கச் சிவப்பு அடங்கியிருந்தது, லென்ஸும் கசக்கலும் செய்த வேலைதான் என்று சொன்னார். மூடி சீவாமல், மேல்தோலை மட்டும் அகற்றிவிட்டு மேற்பரப்பில் செதுக்கும் பழைய முறை ஒன்று இருக்கிறது, பி.ஆர்.கே. என்பார்கள். மேல்தோல் சில நாளில் தானாக வளர்ந்துவிடும். ஐந்து நாள் வலி, பார்வை தெளிய வாரக்கணக்கு. ஆனால் படலத்தின் பலம் கூடுதலாக மிஞ்சும். என் படலம் இன்னும் மெல்லியதாகவோ பவர் இன்னும் கூடவோ இருந்தால் லேசரே வேண்டாம் என்று கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைப் பற்றிப் பேசியிருப்பாராம்.

இந்த லேசரின் கதையை என் பத்தாம் தரப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன், உங்கள் வாசகர்களுக்கும் பிடிக்கும். 193 நனோமீற்றர் அலைநீளமுள்ள இந்த ஒளி உடலின் இழையத்தைச் சுட்டுப் பொசுக்காமல் துல்லியமாகச் சீவும் என்று 1981 நவம்பரில் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனத்தில் கண்டவர்களில் ஒருவர் ரங்கசாமி ஸ்ரீனிவாசன். சென்னைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விருந்தில் மிஞ்சிய வான்கோழியை வீட்டிலிருந்து கொண்டுபோய்ச் சோதித்தாராம். நம்மவர்கள் மிஞ்சியதை வீசமாட்டார்கள் என்று பின் வாங்கிலிருந்து ஒரு குரல் வந்தது.

டிசம்பர் விடுமுறையில் செய்தேன். கட்டிலில் படுத்தது சில நிமிடங்கள்தான். அதன் பிறகு கொட்டாஞ்சேனையில் சித்தி வீட்டில் மூன்று நாள், பச்சைமிளகாய் நறுக்கிய கையோடு கண்ணைத் தொட்ட மாதிரி. திரையை இழுத்துவிட்டு இருட்டில் கிடந்தேன். மேல்தோல் வளரும் வரை கண்ணில் வைத்திருந்த பாதுகாப்பு லென்ஸை ஐந்தாம் நாள் எடுத்தார்கள். ஊருக்கு வந்த பிறகு வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போடவேண்டும் என்பது கட்டளை, வெயில் படலத்தில் மங்கலை உண்டாக்கும், மலையில் வெயிலின் கடுமை இன்னும் கூட. லயத்துப் பக்கம் கறுப்புக் கண்ணாடியோடு நடந்தால் என்ன பேசுவார்கள் என்று உங்களுக்குத் தெரியும். பேசினார்கள். ஏழாவது வாரம் நோர்வூட் பஸ்ஸின் பலகையை வளைவில் வரும்போதே வாசித்தேன்.

ஆனால் ஆசிரியரே, நான் அந்த டொக்டரிடம் கண்ணைக் கொடுத்தது அவர் கணக்கைப் பாராட்டியதற்காக அல்ல. ஒரு கேள்விக்கு அவர் சொன்ன பதிலுக்காக. "சேர், ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குப் பொகவந்தலாவையில் என் கண் சிவந்து வலித்தால் நான் என்ன செய்வது?" முதல் இடத்துப் பிள்ளையிடமும் இதைக் கேட்டிருந்தேன், அப்படியெல்லாம் வராது மிஸ் என்றாள். இவர் யோசித்தார். மாதம் இரண்டு முறை கண்டிக்கு வருகிறேன், சோதனைக்கு அங்கே வந்தால் போதும் என்றார். பிறகு ஒரு கடிதம் எழுதித் தந்தார்: எந்தத் திகதியில், எந்தக் கண்ணில், என்ன செய்யப்பட்டது, என்ன மருந்து போகிறது, வலியோ சிவப்போ பார்வைக் குறைவோ வந்தால் முதலில் எதைச் சந்தேகிக்க வேண்டும். எந்த அரசாங்க வைத்தியசாலையின் கண் பிரிவுக்கும் அதைக் கொண்டு போகலாம், காலை வரைக்கும் காத்திருக்க வேண்டாம் என்றார். அந்தக் கடிதம் தேவைப்படவில்லை. ஆனாலும் மூன்று மாதம் கைப்பையில் வைத்திருந்தேன்.

கொழும்பில் இருப்பவருக்கு இது பெரிய விஷயமாகத் தெரியாது. நமக்கு அப்படி இல்லை. மண் சரிந்தால் ரயில் இல்லை, மழை பிடித்தால் பஸ் இல்லை. லேசர் பத்து நிமிடம், அதற்குப் பிந்திய சோதனைகள் மாதக்கணக்கு. ஸ்டீரொயிட் சொட்டு மருந்தை மூன்று மாதம் படிப்படியாகக் குறைக்க வேண்டும், நடுவில் கண் அழுத்தம் ஏறுகிறதா என்று அளக்க வேண்டும். எங்கள் டவுன் பார்மசியில் சீட்டே கேட்காமல் இரண்டாவது போத்தலை நீட்டினார்கள், வேண்டாம் என்று வந்தேன். திருச்சிக்கோ மதுரைக்கோ போனால் மலிவு என்று என்னிடம் பலர் சொல்கிறார்கள். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை டொக்டர் வெங்கடசாமி 1976இல் 11 கட்டிலோடு தொடங்கியது, இன்று உலகமே போய்ப் படிக்கும் இடம், அதைக் குறை சொல்ல நான் யார். போகிறவர்கள் போகட்டும். மூன்றாம் மாதம் கண்ணைப் பார்க்கப் போவது யார் என்பதை விமானம் ஏறும் முன் தீர்த்துக்கொள்ளட்டும்.

எங்கள் உப அதிபருக்கு 47 வயது, மைனஸ் இரண்டு. பத்திரிகை வாசிக்கும்போது கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் வாசிப்பார். அவரும் லேசர் செய்யப் போகிறேன் என்கிறார். செய்தால் பஸ் தெரியும், பத்திரிகை தெரியாது. நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்து என்பது கண்ணுக்குள் இருக்கும் வில்லையின் சங்கதி, மேலே செதுக்குவதால் அது போகாது. என் டொக்டர் கண்ணாடியை மூக்கில் இறக்கியதும் அதனால்தான். உப அதிபர் சேர், உங்களுக்கு நான் நேரே சொன்னால் நம்பவில்லை, அச்சில் வந்தால் நம்புவீர்கள் என்று எழுதுகிறேன்.

உங்களிடம் எனக்கு இரண்டு வேண்டுகோள் உண்டு. விளம்பரம் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, பத்திரிகையும் நடக்க வேண்டும். ஆனால் அதே ஞாயிறு இதழில் ஒரு கண் வைத்திய நிபுணரிடம் கேட்டு, யார் யார் லேசர் செய்யக் கூடாது என்று ஒரு பக்கம் போடுங்கள். கர்ப்பமாக இருப்பவர்கள், பால் கொடுப்பவர்கள், பவர் இன்னும் ஓடுகிற பிள்ளைகள், கட்டுப்படாத நீரிழிவுக்காரர்கள், கண்ணைக் கசக்கியே பழகியவர்கள் எல்லோரும் அந்தச் சிரிக்கிற பெண்ணைத்தான் பார்க்கிறார்கள். இரண்டாவது, சம்மதப் பத்திரம். தமிழும் இந்த நாட்டின் அரசகரும மொழி. நான் போன நல்ல இடத்திலும் அந்தத் தாள் ஆங்கிலத்திலும் சிங்களத்திலும்தான் இருந்தது. எனக்கு வாசிக்கத் தெரியும், பக்கத்தில் உட்கார்ந்திருந்த தெனியாயப் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைக்கு நான்தான் ஒவ்வொரு வரியாகச் சொன்னேன். "பார்வை குறையக்கூடும்" என்ற வரி வந்ததும் அவள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு டொக்டரை மறுபடி பார்க்கப் போனாள். தமிழ் வாடிக்கையாளருக்குத் தமிழில் விளம்பரம் அடிக்க முடிந்தவர்களுக்குத் தமிழில் ஒரு தாள் அடிப்பது என்ன கஷ்டம்?

என் ஃபைலில் இப்போது எல்லாம் இருக்கிறது. செய்வதற்கு முந்திய அளவு, படம், பவர், எத்தனை மைக்ரோன் எடுத்தார்கள் என்ற விபரம். பிற்காலத்தில் எனக்குக் கண்புரை வந்தால் உள்ளே வைக்கும் வில்லையைக் கணக்கிட இவை தேவைப்படும், கண் அழுத்தம் அளக்கும்போதும் படலம் மெலிந்ததைச் சொல்லாவிட்டால் அழுத்தம் குறைவாகக் காட்டி ஏமாற்றும் என்று டொக்டர் சொன்னார். லேமினேட் பண்ணாதீர்கள், பிரதி எடுங்கள் என்றும் சொன்னார். டீச்சர்மாரின் பழக்கம் அவருக்குத் தெரிந்திருக்கிறது.

தம்பியை அடுத்த மாதம் அவரிடம் கூட்டிப் போகிறேன். அவனிடம் ஒரு தாளும் இல்லை. போனில் அதைச் சொன்னபோது, ஒப்பரேஷனுக்கு முன் போட்ட கண்ணாடி எங்கேயாவது கிடக்கிறதா, அதை அளந்தால் பழைய பவராவது தெரியும் என்றார். அவன் எப்போதோ எறிந்துவிட்டான் என்றுதான் நினைத்தோம். அம்மா அலுமாரியைத் திறந்து, சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து துணியில் சுற்றி எடுத்துத் தந்தாள். ஒரு கால் உடைந்திருக்கிறது, கண்ணாடி இரண்டும் நன்றாக இருக்கின்றன.

இப்படிக்கு,
ஒரு கணித ஆசிரியை,
பொகவந்தலாவை.

(பெயரைப் போட வேண்டாம். தம்பி இன்னும் லொறி ஓட்டுகிறான்.)